கிறவல் தரையும் போர்ன்மத் வாரமும்

வன்னியில் டெனிஸ் பந்தைக் கண்டிராத சிறுவன் இல்லை. பரந்தன் சந்தியிலும் வாங்கலாம், முள்ளியவளையிலும் வாங்கலாம். மென்பந்துத் துடுப்பாட்டம் முழுவதும் அந்தப் பந்திலேதான் நடக்கிறது. கிறவலில் உருண்டு உருண்டு மேலிருக்கும் பஞ்சு தேய்ந்து மொட்டையானதும், அது இன்னும் கோபமாக எழும்பும். ஆனால் அந்தப் பந்து எந்த விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அதை நேரில் பார்த்தவர்களை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிரெஞ்சுப் போட்டி தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்த ஒரு மாலையில், எங்கள் கழகத்துப் பையன் ஒருவன் திரையில் தெரிந்த சிவப்புத் தரையைக் காட்டி, இது நம்முடைய கிறவல்தானே என்று கேட்டான். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொல்லத் தொடங்கியவன், சுற்றிவளைத்து 1968ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மத் என்ற ஊரில் போய் நின்றேன். அங்கே நடந்துவந்த ஒரு தேசியச் சுற்றுப்போட்டியின் கதை அது. இன்று அந்தப் போட்டி இல்லை.

முதலில் தரையைச் சொல்லிவிடுகிறேன். கிறவல் என்பது நிலத்தில் இருந்து வெட்டி, லொறியில் ஏற்றி, அப்படியே கொட்டிப் பரப்புவது. கல்லும் செம்மண்ணும் கலந்து கிடக்கும். றோலர் ஏறி, வெயில் குடித்து இறுகிய பின் அதில் விழுந்தால் முழங்கால் தோல் அதற்கே சொந்தம். டெனிஸ் செந்தரை வேறு சாதி. அடியில் கல் அடுக்கு, அதற்குமேல் நொறுக்கிய சாம்பற்கட்டியோ சுண்ணக்கல்லோ, எல்லாவற்றுக்கும் மேலே சில மில்லிமீற்றர் மட்டும் செங்கற்பொடி. சூளையில் வெந்த கல்லை நொறுக்கி அரித்தெடுத்த மாப்போல இருக்கும். இறுதியாட்டத்துக்கு முன் நாங்கள் புழுதி அடங்கப் பவுசரில் தண்ணீர் அடிப்பதுபோல, அதற்கும் தண்ணீர் விடாமல் முடியாது. நாள்தோறும் விட வேண்டும். ஈரம் சரியாக இருந்தால் ஆட்டக்காரரின் கால் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தடியில் நிற்கும். பந்து விழுந்த இடத்தில் முட்டை வடிவில் ஒரு தடம் பதியும். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்தால், நடுவர் உயரமான கதிரையில் இருந்து இறங்கி வந்து அந்தத் தடத்தைக் குனிந்து பார்ப்பார். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு காலில் பட்டு அழிந்த பிறகு நடக்கும் வாக்குவாதங்களை நினைத்தால் எனக்கு அந்த வசதியில் கொஞ்சம் பொறாமைதான்.

இந்தச் செங்கற்பொடித் தரைக்கு அக்கால ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் வேடிக்கை. கடினத்தரை, அதாவது 'ஹார்ட் கோர்ட்', என்றார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் அமெரிக்காவின் நீலச் சீமெந்துத் தளம்தான் நினைவுக்கு வரும். புல் மட்டுமே மெய்யான டெனிஸ் தரை என்று நம்பியிருந்த பிரித்தானியாவில், வெளியில் அமைந்த புல் அல்லாத தரை எல்லாமே 'கடினம்'. அதனால் 'பிரித்தானியக் கடினத்தரைச் சம்பியன்ஷிப்' என்ற பெயரில் நடந்த போட்டி, உண்மையில் செந்தரைப் போட்டி. பழைய பதிவுகளைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் இடறி விழுவது வழக்கம்.

போட்டி 1924இல் டோர்கீ என்ற கரையோர ஊரில் தொடங்கியது. 1927இல் போர்ன்மத்துக்கு இடம்பெயர்ந்து, வெஸ்ட் ஹாண்ட்ஸ் கழகத்தில் நிலைகொண்டது. இங்கிலாந்தில் சித்திரை மாதத்தில் புல்தரை விளையாட்டுக்குத் தயாராவதில்லை. குளிர் விட்டு, புல் எழும்பி, உருளை ஏறி, விம்பிள்டன் வருவதற்கு ஆனி ஆகிவிடும். அதுவரை மட்டையைச் சும்மா வைத்திருக்க முடியாதவர்களுக்குச் செங்கற்பொடி கைகொடுத்தது. ஏப்ரல் கடைசியில் போர்ன்மத்தில் பருவம் திறக்கும். அங்கிருந்து ஐரோப்பாவின் செந்தரைகள், பிறகு புல். அந்த ஒரு வாரம்தான் இந்தப் போட்டியின் சொத்து. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வாரம், பிறகு அதைக் கொன்றதும் அந்த வாரம் என்பது என் கணிப்பு.

வாரம் அவ்வளவு பெரிய விடயமா என்று கேட்பவர்கள் வன்னியில் ஒரு சுற்றுப்போட்டி நடத்திப் பார்க்க வேண்டும். மாரியில் மைதானம் சேறு. மாசி, பங்குனியில் வயலில் அரிவி வெட்டு. பதினொரு பேர் சேர மாட்டார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று இறுதியாட்டம் வைத்தால் பரிசு வாங்கக்கூட ஆள் இருக்காது. ஆவணியில் மடுத் திருவிழா. இடையில் கிடைக்கும் நல்ல வாரங்களுக்காகக் கழகங்கள் அடித்துக்கொள்ளும். நல்ல வாரத்தை ஒருமுறை விட்டுக்கொடுத்த கழகத்தின் கிண்ணம் அலுமாரியில் கறுத்துப்போவதை நான் கண்டிருக்கிறேன்.

போர்ன்மத்தின் பழைய சம்பியன்களில் பெரியவர் பிரெட் பெரி. 1932 தொடக்கம் 1936 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார். விம்பிள்டனிலும் 1934, 1935, 1936 என மூன்று பட்டங்கள். 1936 முடிவில் அவர் காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரானார். அத்துடன் போர்ன்மத், விம்பிள்டன் இரண்டின் கதவும் அவருக்கு மூடப்பட்டன. விம்பிள்டன் கழகம் அவரது உறுப்புரிமையையே எடுத்துவிட்டது. ஐந்து முறை வென்ற தரையில் ஆறாவது முறை கால் வைக்க அவருக்கு உரிமை இல்லை.

இந்த ஏற்பாடு இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அக்காலத்தில் பெரிய போட்டிகள் எல்லாம் 'அமெச்சூர்' எனப்படும் ஊதியமில்லா ஆட்டக்காரர்களுக்கு மட்டும். வென்றால் கிண்ணம், கைதட்டல், பயணச் செலவு. பணம் வாங்கி ஆடினால் அவர் தொழில்முறைக்காரர். தனியாக ஊர் ஊராகச் சுற்றி, உள்ளரங்குகளில் ஒருவரோடு ஒருவர் இரவுக்கு இரவு மோத வேண்டியதுதான். எழுத்தில் இருந்த சட்டம் இது. நடைமுறையில், அமெச்சூர்களின் 'பயணச் செலவு' உறைகள் பருத்துக்கொண்டே போயின. எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆட்டக்காரருக்குக் கழகங்கள் கொடுக்கும் 'பெற்றோல் காசு' மாதிரித்தான். பதிவேட்டில் அவர் உள்ளூர் உறுப்பினர். அவர் வந்த மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு பெற்றோல் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தது எவ்வளவு என்பதும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

இந்தச் சுவரில் தமிழர் ஒருவரும் வந்து நின்றார். ராமநாதன் கிருஷ்ணன். தந்தை டி. கே. ராமநாதனிடம் ஆட்டம் பழகியவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம், 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி. தொழில்முறைக் குழுவை நடத்திய அமெரிக்கர் ஜாக் கிரேமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டொலர் தருவதாக அவரை அழைத்தார். போயிருந்தால் விம்பிள்டனும், நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணமும் போயிருக்கும். அவர் போகவில்லை. 1966இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிக்குச் சென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். அவர் அப்போது மறுத்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஓர் ஆட்டக்காரரை அப்படித் தெரிவு செய்ய வைத்த சட்டம் கேவலமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

1962இல் அவுஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க என நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அவுஸ்திரேலியர் ரொட் லேவர் தொழில்முறைக்குப் போனார். ஐந்து ஆண்டுகள் விம்பிள்டனில் அவர் இல்லை. இன்னொரு அவுஸ்திரேலியர் கென் ரோஸ்வால் 1957இலேயே போய்விட்டார். உலகின் தலைசிறந்தவர்கள் இல்லாத போட்டிக்கு உலக சம்பியன்ஷிப் மாதிரி மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தது டெனிஸ் உலகம். 1967 ஆகஸ்டில் விம்பிள்டன் கழகமே எட்டுத் தொழில்முறைக்காரர்களை அழைத்து, தன் நடுத்தரையில் ஒரு போட்டி நடத்திப் பார்த்தது. லேவர் ரோஸ்வாலை வென்றார். பி.பி.சி. வண்ணத்தில் ஒளிபரப்பியது, கூட்டம் நிரம்பியது. எந்த டெனிஸ் நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரித்தானிய டெனிஸ் சங்கம், அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே எடுத்துவிட வாக்களித்தது. சர்வதேசச் சங்கம் முதலில் முறைத்தது. 1968 மார்ச் கடைசியில் பரிஸில் கூடி, இரு பிரிவினரும் சேர்ந்து ஆடக்கூடிய 'திறந்த' போட்டிகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குச் சம்மதித்தது.

இந்த இடத்தில்தான் நாட்காட்டி வேலை செய்தது. புதிய விதி நடைமுறைக்கு வந்த நாள் 1968 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. அன்று தொடங்கிய போட்டி போர்ன்மத். விம்பிள்டனுக்குப் பெருமை அதிகம், பரிஸுக்குத் தரை நல்லது. ஆனாலும் வரிசையில் முன்னால் நின்றது சித்திரைக் குளிரில் நடுங்கும் இந்தக் கரையோரக் கழகம்தான். டெனிஸின் 'திறந்த யுகம்' என்று இன்று பதிவேடுகள் பிரிக்கும் கோடு அங்கே விழுந்தது.

முதல் ஆட்டத்தில் பிரித்தானிய அமெச்சூர் ஜோன் கிளிப்டனும் அவுஸ்திரேலியத் தொழில்முறைக்காரர் ஓவன் டேவிட்சனும் மோதினார்கள். முதல் புள்ளி கிளிப்டனுக்கு. ஆட்டம் டேவிட்சனுக்கு: 6–2, 6–3, 4–6, 8–6. தொழில்முறைக்காரர்கள் அமெச்சூர்களை மென்று துப்புவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்போதுதான் மார்க் கொக்ஸ் என்ற இடதுகைக்காரர் வந்தார். பிரித்தானியர், 24 வயது, கேம்பிரிட்ஜில் படித்தவர், அமெச்சூர். எதிரில் பான்சோ கொன்சாலஸ்: அடுத்த மாதம் 40 வயது, 1949 தொடக்கம் தொழில்முறையில் இருந்த பழைய சிங்கம். முதல் செட்டில் கொக்ஸுக்கு ஒரு 'கேம்'கூடக் கிடைக்கவில்லை, 0–6. அந்த இடத்தில் பார்வையாளர் பலர் தேநீர் குடிக்க எழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொக்ஸ் மீதியை 6–2, 4–6, 6–3, 6–3 என்று ஆடி முடித்தார். திறந்த யுகத்தில் தொழில்முறைக்காரர் ஒருவரைத் தோற்கடித்த முதல் அமெச்சூர் அவர். அடுத்த சுற்றில் அவுஸ்திரேலியத் தொழில்முறைக்காரர் ரோய் எமர்சனை 6–0, 6–1, 7–5 என்று நேர் செட்களில் அனுப்பினார். அரையிறுதியில் லேவர் அந்தக் கனவைக் கலைத்தார்.

இறுதியாட்டம் ரோஸ்வாலுக்கும் லேவருக்கும். ரோஸ்வால் 3–6, 6–2, 6–0, 6–3 என்று வென்றார். பரிசு 1,000 பவுண். பவுண் என்றால் எங்கள் பக்கத்தில் தாலிக்கொடிதான் முதலில் நினைவுக்கு வரும், இது ஸ்ரேலிங். பெண்கள் பட்டத்தை வென்ற வெர்ஜீனியா வேடுக்கு 300 பவுண். அவர் அப்போது இன்னும் அமெச்சூராகவே இருந்ததால் அந்தப் பணத்தை வாங்கவில்லை. கதவு திறந்த பிறகும் சிலர் வாசலிலேயே நின்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் முதல் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றபோது வேட் 6,000 டொலர் பரிசை எடுத்துக்கொண்டார். அங்கே ஆண்கள் பட்டத்தை வென்ற ஆர்தர் ஆஷ் இராணுவத்தில் இருந்த அமெச்சூர் என்பதால், அவருக்கான 14,000 டொலர், தோற்ற டொம் ஒக்கரின் கைக்குப் போனது.

போர்ன்மத் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பரிஸ். பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்தம், பெற்றோல் இல்லை, விமானம் இல்லை. இருந்தும் பிரெஞ்சுப் போட்டி நடக்கும் ரோலண்ட் கரோஸில் கூட்டம். அங்கும் இறுதியில் ரோஸ்வால் லேவரை வென்றார். விம்பிள்டனில் லேவர் வென்று 2,000 பவுண் வாங்கினார். ஆண்டு முடிவதற்குள் போர்ன்மத் கேள்வி வினாவிடைப் போட்டிக்கானதாகிவிட்டது. முதலில் நடந்தது எங்கே? தென்கரையில் ஏதோ ஓர் ஊரில்.

பிறகு நடந்ததைப் பலர் மழையின் தலையில் கட்டுகிறார்கள். மழை உண்மைதான். ஈரச் செங்கற்பொடியில் பந்து பாரமாகிச் சோம்பேறித்தனமாக எழும்பும். ஆனால் 1924 தொடக்கம் அங்கே மழைதான் பெய்துகொண்டிருந்தது. மாறியது ஆட்டக்காரரின் நிலை. அமெச்சூர் காலத்தில் அவர் சங்கத்தின் ஆள். சங்கம் அனுப்பிய இடத்தில் ஆடினார். தேசியச் சம்பியன்ஷிப் என்ற பெயருக்கு அந்த அதிகாரம்தான் முதுகெலும்பு. 1968க்குப் பிறகு அவர் தன் வாரங்களைத் தானே விற்கத் தொடங்கினார். அமெரிக்காவின் டபிள்யூ.சி.டி. தொழில்முறைச் சுற்று, வசந்தகால வாரங்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியது. 1970இல் கிராண்ட் பிரி சுற்று வந்து போட்டிகளுக்குப் புள்ளி வைத்தது. 1973இல் கணினித் தரவரிசை வந்தது. மொன்டி கார்லோ, ரோம், ஹம்பர்க் எல்லாம் அதே பருவத்தில் வெயிலும் பணமுமாக நின்றன. பரிஸுக்கு ஆயத்தம் செய்ய விரும்பும் ஒருவர், மத்தியதரைக் கடலோரத்தை விட்டுவிட்டு ஏன் ஆங்கிலக் கால்வாய்க் காற்றில் நிற்க வேண்டும்? ரொத்மன்ஸ் சிகரெட் நிறுவனம் சில ஆண்டுகள் அனுசரணை கொடுத்தது. அனுசரணையாளர் கொடுப்பது பணம். வாரத்தை அவர் கொடுக்க முடியாது.

சம்பியன்களின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே போதும். 1969 ஜோன் நியூகொம். 1970இல் அதே மார்க் கொக்ஸ், 1971இல் ஜெரால்ட் பாட்ரிக், இருவரும் பிரித்தானியர். அத்துடன் வீட்டுக்காரர் பெயர் முடிந்தது. 1973 இத்தாலியின் பனாட்டா, 1974 ருமேனியாவின் நஸ்டாஸே, 1975 ஸ்பெயினின் ஒரான்டெஸ். 1978இல் ஸ்பெயினின் ஹிகேராஸ். 1982இல் மறுபடி ஒரான்டெஸ், 1983இல் மறுபடி ஹிகேராஸ். பெயர்கள் சிறியவை அல்ல. ஆனால் உள்ளூர்ப் பையன் இறுதியில் இல்லாத உள்ளூர்ப் போட்டிக்கு யார் டிக்கெட் வாங்குவார்? இங்கே அரையிறுதியில் சொந்தக் கழகம் தோற்றுப்போன மறுநாள், மைதானத்தில் ஐஸ்பழ வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பிரித்தானியச் சிறுவர்கள் புல்லிலும் உள்ளரங்கிலும் வளர்ந்தார்கள். நாட்டில் செந்தரை குறைந்துகொண்டே போனது. செந்தரையில் வளராதவர்களுக்குச் செந்தரைச் சம்பியன்ஷிப் அந்நியர் வீட்டுக் கல்யாணம்.

1983தான் அந்த நீண்ட வரிசையில் ஆண்கள் போட்டிக்குக் கடைசி. அறிவிப்பும் ஒப்பாரியும் பெரிதாக இல்லை. அடுத்த ஆண்டு நாட்காட்டியில் அந்த இடத்தில் வேறு ஊர்கள் இருந்தன.

போர்ன்மத் மட்டும் போனதாக நினைக்க வேண்டாம். உள்ளரங்கில் நடந்த பிரித்தானியாவின் கூரைத்தரைச் சம்பியன்ஷிப் போய்விட்டது. 1879இல் டப்ளினில் தொடங்கி, பெண்களுக்கு முதன்முதலாக ஒரு தனிநபர் சம்பியன்ஷிப் வைத்த ஐரிஷ் போட்டி, உலக ஆட்டக்காரர் எட்டிப் பார்க்காத உள்ளூர் நிகழ்வாகச் சுருங்கியது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் போட்டிகளுக்கும் அதே கதி. பிழைத்தவை நான்கு பெரும் போட்டிகளும், நல்ல வாரத்தைப் பிடித்து வைத்திருந்த சில நகரங்களும். கதவு திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. பிரெட் பெரியை வெளியே வைத்துப் பூட்டிய கதவு அது. ஆனால் பூட்டுப்போட்ட அதே அதிகாரத்தின் நிழலில்தான் இந்தச் சின்னத் தேசியப் போட்டிகள் எல்லாம் குடியிருந்தன என்பதை அன்று வாக்களித்தவர்கள் எத்தனை பேர் யோசித்தார்கள்?

கேள்வி கேட்ட பையனிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவனுக்குக் கிறவலுக்கும் செங்கற்பொடிக்கும் உள்ள வித்தியாசம் போதுமாக இருந்தது. உடைந்த செங்கல் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டான். வவுனியாப் பக்கம் ஒரு சூளைக்காரரைச் சொன்னேன்; அடுத்த கேள்வி தண்ணீர். புரட்டாதியில் கிணற்றைப் பார்த்துவிட்டு வா என்றேன்.

போர்ன்மத்துக்கு ஒரு மறுபிறவியும் இருந்தது. 1996 தொடக்கம் 1999 வரை அதே ஊரில் செந்தரையில் ஒரு சர்வதேச ஆண்கள் போட்டி நடந்தது. இம்முறை செப்டம்பரில், பரிஸும் விம்பிள்டனும் முடிந்து, ஆட்டக்காரர்கள் வேறு தரைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். ஸ்பெயினின் அல்பேர்ட் கொஸ்டா ஒரு முறை, பெலிக்ஸ் மன்டியா இரு முறை, ருமேனியாவின் அட்ரியன் வொய்னியா ஒரு முறை வென்றார்கள். 2000இல் போட்டி பிரைட்டனுக்கு, கூரைக்குள் போனது. அந்த ஆண்டு பிரித்தானியரான டிம் ஹென்மன் வென்றார். காலுக்கடியில் செங்கற்பொடி இல்லை.